ரைஃபிளின் குரூப்பை அளப்பது எப்படி?

ஒரு ரைஃபிள் "ஒரு எம்.ஓ.ஏ. சுடும்" (எம்.ஓ.ஏ. என்பது குண்டுகளின் சிதறலைச் சொல்லப் பயன்படும் ஒரு கோண அளவு) என்று யாராவது சொன்னால், எத்தனை குண்டுகளுக்கு, எத்தனை குரூப்புகளுக்கு என்று கேட்காமல் அந்த எண்ணை ஏற்றுக்கொள்ளக் கூடாது. ஒரே குறியை நோக்கிச் சுட்ட குண்டுகள் தாளில் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்பதைக் காட்டுவது குரூப்பின் அளவு. அந்தக் கூட்டத்தின் நடுப்புள்ளி குறியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது வேறு கணக்கு. விலகலைப் பார்வைக்குறியின் திருகைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம். சிதறலை எந்தத் திருகாலும் குறைக்க முடியாது என்பதால் அதைத்தான் முதலில் அளக்க வேண்டும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் ரைஃபிள் போட்டியின் இலக்கையே இங்கே எடுத்துக்கொள்வோம். அதில் சுடப்படுவது .22 தோட்டா, பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. ரைஃபிளை மேசைமேல் மணல் மூட்டையில் தாங்கவைத்து, நடுவில் பார்வைக்குறியைத் தொடாமல், ஒரே குறிக்கு ஐந்து குண்டுகள் சுட வேண்டும். தாளுக்குப் பின்னால் விறைப்பான அட்டை இருந்தால் துளையின் ஓரம் கிழியாது. ஒவ்வொரு குரூப்புக்கும் புதுத் தாள் வைப்பது நல்லது. துளைகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்துவிட்டால் பிறகு எதையும் பிரித்தறிய முடியாது.

பரவலாகப் பயன்படும் அளவு, ஒன்றுக்கொன்று மிகத் தொலைவிலுள்ள இரு துளைகளின் மையங்களுக்கு இடையிலான தூரம். துளையின் மையத்தைக் கண்ணால் குறிப்பது கடினம் என்பதால், வெர்னியர் காலிபரால் அந்த இரண்டு துளைகளின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை அளந்து, ஒரு துளையின் விட்டத்தைக் கழிக்கிறோம். பலர் இங்கே குண்டின் விட்டமான ஏறத்தாழ 5.6 மி.மீ.யைக் கழித்துவிடுகிறார்கள். குண்டு ஊடுருவிய பின் தாள் சற்றே சுருங்கிக்கொள்வதால் துளை குண்டைவிடச் சிறியதாகவே இருக்கும்; ஆகவே குண்டின் விட்டத்தைக் கழித்தால் குரூப் உள்ளதைவிடச் சிறியதாகத் தெரியும். அதே தாளில் தனியாக விழுந்த ஒரு துளையை அளந்து அதைக் கழிப்பதே நேர்மையான முறை. வெளி அளவு 15.5 மி.மீ., தனித்துளை 5.2 மி.மீ. என்றால் குரூப் 10.3 மி.மீ.

இதைத் தூரத்தோடு சேர்த்துச் சொல்லத்தான் எம்.ஓ.ஏ. பயன்படுகிறது. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கான இந்தக் கோணம் 100 மீட்டரில் 29.1 மி.மீ. அகலத்தையும், 50 மீட்டரில் 14.5 மி.மீ. அகலத்தையும் அடைக்கிறது. 10.3-ஐ 14.5-ஆல் வகுத்தால் நம் குரூப் 0.71 எம்.ஓ.ஏ. இருப்பினும் 50 மீட்டரில் கிடைத்த கோணம் 100 மீட்டரிலும் அப்படியே கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. காற்றும் குண்டுகளின் வேக வேறுபாடும் தூரம் கூடக்கூடச் சிதறலை விகிதத்துக்கு மேல் பெருக்கும்.

மேற்சொன்ன முறையின் பெருங்குறை, ஐந்து துளைகளில் இரண்டை மட்டுமே அது கணக்கில் கொள்வது. அதனால் சராசரி ஆரத்தையும் கணக்கிடுவது நல்லது. தாளின் இடது ஓரத்திலிருந்தும் கீழ் ஓரத்திலிருந்தும் ஒவ்வொரு துளையின் மையத்துக்கும் உள்ள தூரத்தை மி.மீ.யில் குறித்துக்கொள்ளுங்கள். நம் தாளில் அவை (60, 62), (66, 59), (63, 67), (70, 64), (61, 68) என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வரிசைகளின் சராசரியும் 64 என்பதால் குரூப்பின் நடுப்புள்ளி (64, 64). அங்கிருந்து ஒவ்வொரு துளைக்கும் உள்ள தூரத்தைப் பிதாகரஸ் தேற்றப்படி கணக்கிட்டால் 4.5, 5.4, 3.2, 6.0, 5.0 மி.மீ. கிடைக்கிறது, சராசரி ஆரம் 4.8 மி.மீ. நடுவிலிருந்து மிகவும் விலகிய நான்காவது துளை, 10.3 மி.மீ. அளவைத் தந்த இணையில் இல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த இணை இரண்டாவதும் ஐந்தாவதும்தான்.

போட்டி விதிப்படி குண்டின் ஓரம் வளையத்தைத் தொட்டாலே அந்தப் புள்ளி உண்டு. ஆகவே பத்துக்கு, குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மி.மீ.க்குள் விழுந்தால் போதும். நம் குரூப்பின் நடுப்புள்ளி இலக்கின் மையத்தில் அமைந்திருந்தால் ஐந்துமே பத்து. அதே குரூப் வலப்புறம் 4 மி.மீ. நகர்ந்தால் நான்காவது குண்டு 10 மி.மீ. தள்ளிப்போய் ஒன்பதாகிவிடும்.

எத்தனை குண்டுகள் என்ற கேள்விக்கு விடை, குண்டுகள் கூடக்கூடக் குரூப்பும் பெரிதாகும் என்ற உண்மையில் இருக்கிறது. ரைஃபிளும் தோட்டாவும் மாறாமலிருந்தாலும், ஐந்து குண்டுக் குரூப் மூன்று குண்டுக் குரூப்பைவிடச் சராசரியாகக் கால் பங்குக்குச் சற்று அதிகமாகவும், பத்துக் குண்டுக் குரூப் ஐந்தைவிட மறுபடியும் ஏறத்தாழக் கால் பங்கும் பெரிதாக இருக்கும். மூன்று குண்டுகளில் கிடைத்த மிகச் சிறிய குரூப்பைப் பெட்டியில் வைத்துக் காட்டித் திரிவது பெருமைக்கு உதவலாம், ரைஃபிளை மதிப்பிட உதவாது. குறைந்தது நான்கைந்து குரூப்புகளின் சராசரியைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். எண்ணுடன் தூரம், குண்டுகளின் எண்ணிக்கை, தோட்டாவின் தயாரிப்புத் தொகுதி எண், காற்று நிலை ஆகியவையும் இருக்கட்டும். கூட்டத்திலிருந்து விலகி விழுந்த குண்டைக் காரணமின்றி நீக்க வேண்டாம். விசையை இழுக்கும்போதே பிசகியது தெரிந்து, தாளைப் பார்ப்பதற்கு முன்பே அதைச் சொல்லியிருந்தால் மட்டும் விட்டுவிடலாம்.