கண்ணை நம்பி கீபோர்டு லேஅவுட்டைத் திருத்தாதீர்கள்

போன வாரம் ஒரு கல்லூரி மாணவர் பேட்ச் ஒன்று அனுப்பியிருந்தார். பழைய தட்டச்சு முறையில் பழகியவர்களுக்காக எம்17என் என்ற பன்மொழி உள்ளீட்டு நிரல்தொகுப்பில் இருக்கும் தமிழ் லேஅவுட்டுக்கு ஒரு திருத்தம். மூன்றே வரி. படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல வருஷத்துக்கு முன்னால் நான் எழுதி, என் பெயரைப் போட்டு, பெருமையாக நாலு பேரிடம் சொல்லிக்கொண்ட அதே மூன்று வரி அது. அச்சுப் பிசகாமல் அதே தப்பு.

அதனால் இதை எழுதுகிறேன். அடைப்புக்குறியை மூட மறப்பது, மாற்றிவிட்டு ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியை மறுபடி தொடங்காமல் "வேலை செய்யலையே" என்று உட்கார்ந்திருப்பது, இதெல்லாம் இங்கே வராது. அந்த மாதிரித் தவறுகள் அரை மணி நேரத்தில் தாமாகவே தெரிந்துவிடும். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கணினி விழுங்கிக்கொள்கிற தவறுகளைத்தான் சொல்ல வேண்டும்.

எக்ஸ்கேபி-யிடம் தமிழ்99 கேட்பது

லினக்ஸில் தமிழ் அடிக்க இரண்டு வழி. கீழே இருப்பது எக்ஸ்கேபி. ஒரு விசையை அழுத்தினால் ஒரு குறி வரும், ஷிப்ட்டோடு அழுத்தினால் இன்னொன்று. அதற்கு முன்னால் என்ன அடித்தீர்கள் என்பது அதற்கு நினைவில் இருக்காது. மேலே இருப்பது ஐபஸ் போன்ற உள்ளீட்டுக் கருவிகள். எம்17என் அவற்றின் வழியாகத்தான் வருகிறது. இதற்கு ஞாபகம் உண்டு. போன விசையைப் பார்த்து இந்த விசைக்கு என்ன செய்வது என்று முடிவெடுக்கும்.

1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்ற தமிழ்99 விசைப்பலகை முறையின் உயிரே இந்த ஞாபகம்தான். ககரத்தை இரண்டு முறை தட்டினால் 'க்க'. நகரமும் தகரமும் தட்டினால் 'ந்த'. மெய்யை அடுத்து உயிர் தட்டினால் உயிர்மெய். இதை எக்ஸ்கேபி கோப்பில் எழுதப் பார்ப்பவர்கள் வருஷத்துக்கு ஒருவராவது வருகிறார்கள். முடியாது. பட்டியலில் 'தமிழ்நெட் 99' என்ற பெயரோடு எக்ஸ்கேபி-யிலும் ஒன்று இருக்கிறது என்பது குழப்பத்தை இன்னும் கூட்டும். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, புள்ளி தானாக விழவில்லை என்று பக் (பிழைப் புகார்) பதிவார்கள்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு கூட்டம் உண்டு. விதி சரியாக வேலை செய்வதையே பக் என்பார்கள். 'சசிகலா' என்று அடித்தால் 'ச்சிகலா' என்று வருகிறதாம். வரத்தான் செய்யும், சகரம் இரண்டு முறை தட்டியிருக்கிறீர்களே! முதல் சகரத்துக்குப் பிறகு ஒரு அகரம் தட்டினால் புள்ளி விழாது. 'மமதை'க்கும் அப்படித்தான். இது தெரியாமல், சொல்லின் தொடக்கத்தில் மட்டும் விதியை நிறுத்தி ஒருவர் பேட்ச் எழுதினார். நல்லவேளை, மெர்ஜ் ஆகவில்லை.

விசையை இடம் மாற்றுவது

வேண்டாம். விரலுக்கு மறதி கிடையாது.

லேஅவுட்டின் உள்பெயரைத் திருத்துவது

அந்தப் பெயர் ஆயிரம் பேருடைய செட்டிங்ஸில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. மெனுவில் தெரியும் பெயரை எப்படி வேண்டுமானாலும் அழகாக்குங்கள். உள்பெயரை மாற்றியே ஆக வேண்டுமென்றால், பழைய பெயரைப் புதியதோடு இணைக்கும் வரியையும் அதே பேட்ச்சில் சேர்த்து அனுப்புங்கள்.

"திரையில் சரியாத்தானே தெரியுது?"

இப்போது அந்த மூன்று வரி.

முதலில் இந்த இரண்டையும் பாருங்கள்: மௌனம், மெளனம். உங்கள் திரையில் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும். முதலாவதில் ஐந்து குறிகள்: மகரம், ஔகாரக் குறி, னகரம், மகரம், புள்ளி. இரண்டாவதில் ஆறு: மகரம், ஒற்றைக்கொம்பு, ளகரம், னகரம், மகரம், புள்ளி. இரண்டாவது மௌனமே இல்லை, 'மெ-ள-னம்'. திரைவாசிப்பான் வைத்துப் படிக்கும் பார்வையற்ற நண்பர் ஒருவரிடம் கேளுங்கள், காது வலிக்கும் என்பார்.

இது எங்கிருந்து வந்தது என்றால், தட்டச்சு இயந்திரத்திலிருந்து. காகிதத்தில் மை பட்டால் போதும் என்ற காலம். கொம்பை அடித்து, மகரத்தை அடித்து, ளகரத்தை அடித்தால் 'மௌ' வந்துவிடும். வேறென்ன வேண்டும்? அந்தக் கை அப்படியே கணினிக்கும் வந்தது.

இதைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று நான் எழுதியதுதான் அந்த மூன்று வரி. ஒற்றைக்கொம்பு போட்ட எழுத்துக்குப் பின்னால் ளகரம் வந்தால், அடுத்த விசை வரும்வரை எழுத்தை முடிக்காமல் பிடித்து வை. அடுத்து புள்ளியோ வேறு குறியோ வந்தால் அது நிஜமான ளகரம், விட்டுவிடு. வெறும் ளகரமாக நின்றால் ஔகாரக் குறியாக மாற்று. வெளி, தெளிவு, வெள்ளம், வெள்ளரி என்று வரிசையாக அடித்துப் பார்த்தேன். கௌரி, சௌக்கியம், பௌர்ணமி, எல்லாம் தங்கம் மாதிரி வந்தது. அனுப்பிவிட்டேன்.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு போன். திருநெல்வேலிப் பக்கம், கோர்ட்டில் டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்திலேயே இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் இரண்டும் முடித்தவர். தன் ஊர்ப் பேச்சு வழக்குச் சொற்களையெல்லாம் தொகுத்துக்கொண்டிருந்தார், எங்கள் லேஅவுட்டில்தான். 2,000 சொல்லுக்கு மேல் சேர்ந்த பிறகு முதல்முறையாக அகரவரிசைப்படுத்தியிருக்கிறார்.

"தம்பி, ஒரு சந்தேகம். வெளக்கமாறு ஏன் வௌவாலுக்குப் பக்கத்துல போய்த் தொங்குது?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வெளக்கமாறு, வெளக்கு, வெளஞ்ச, வெளயாட்டு. பேச்சுத் தமிழில் வெறும் ளகரம் ஒற்றைக்கொம்புக்குப் பின்னால் வரிசை கட்டி நிற்கிறது. நான் சோதித்ததெல்லாம் பாடப்புத்தகத் தமிழ். என் மூன்று வரி அவர் அடித்த ஒவ்வொரு வெளக்கையும் சத்தமில்லாமல் 'வௌக்கு' ஆக்கியிருக்கிறது. திரையில் வித்தியாசமே இல்லை. பிரிண்ட் எடுத்தாலும் இல்லை. வரிசைப்படுத்தியபோதுதான் அவையெல்லாம் 'வோ' தாண்டி, வகரத்தின் கடைசியில் போய்க் குவிந்தன.

இதில் இன்றும் எரிச்சலூட்டுவது என்ன தெரியுமா? திருப்பிச் சரிசெய்யவும் வழியில்லை. தலைச்சொல்லில் மட்டுமா, எடுத்துக்காட்டு வாக்கியங்களிலும் உண்டு. ஒரு தேடல்-மாற்றல் போட்டால், அவர் ஒழுங்காக எழுதிய மௌனமும் கௌரவமும் சேர்ந்து கெட்டுப்போகும். நிஜமான ஔகாரச் சொற்கள் கொஞ்சம்தான் என்பதால் அவற்றை ஒரு பட்டியலாக்கி, மீதியையெல்லாம் மாற்றி, பிறகு சந்தேகமானதை வரி வரியாகப் போனில் படித்து முடித்தோம். மூன்று ஞாயிற்றுக்கிழமை. அவர் ஒரு தடவைகூடக் கோபப்படவில்லை. அது இன்னும் சங்கடம்.

ஔகாரத்துக்கு இப்போது அந்த லேஅவுட்டில் தனி விசை. ளகரம் எப்போதும் ளகரமாகவே விழும். "முப்பது வருஷத்துக் கை தம்பி, இனிமே மாத்தணுமா?" என்றார். மாற்றிக்கொண்டார்.

இதன் உறவுக்காரர்கள் இன்னும் இருவர். 'அவர்' என்பதும் 'அவா்' என்பதும். இரண்டாவதில் ரகரமே கிடையாது. துணைக்காலின் மேல் புள்ளி. உற்றுப் பார்த்தால் காலடியில் அந்தச் சின்னச் சாய்வு இருக்காது. இரண்டிலும் நான்கு குறிகள்தான் என்பதால் எண்ணிப் பார்த்தாலும் சிக்காது. செய்தித் தளங்களில் இது கொட்டிக் கிடக்கிறது. ஆனால் இதை லேஅவுட்டிலேயே தைரியமாகத் திருத்தலாம், ஏனென்றால் துணைக்காலின் மேல் புள்ளி வருகிற சொல் தமிழில் எங்கேயும் இல்லை. ளகரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு புரியாதவர் லேஅவுட்டில் கை வைக்கக்கூடாது என்பது என் கட்சி.

அடுத்தவர் கொஞ்சம் சாது. 'கொ'வுக்கு ஒகரக் குறியைத் தனிக் குறியாகவும் போடலாம், ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாகப் பிரித்தும் போடலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடே சொல்லிவிட்டதால், ஒழுங்கான மென்பொருள் ஒன்றாகவே கருதும். ஆனால் எழுத்துக்கெழுத்து ஒப்பிடும் சாதாரணத் தேடலும் சில பிழைதிருத்திகளும் அவ்வளவு ஒழுங்கில்லை. லேஅவுட் எப்போதும் ஒன்றாகச் சேர்ந்த குறியைத்தான் தர வேண்டும். கொம்பை முதலில் அடிக்கும் தட்டச்சு முறையில் இதற்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும், மெனக்கெடுங்கள். கொம்பும் ளகரமும் மட்டும் எந்த நியாயத்திலும் ஔகாரத்துக்குச் சமமில்லை. யூனிகோடில் ளகரத்தின் உருவத்திலேயே ஔகாரத்துக்கென்று தனி நீட்டற்குறி ஒன்று இருக்கிறது; கொம்போடு அது சேர்ந்தால்தான் சமம். கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான் என்பதே பிரச்சினை.

எழுத்துருவின் குற்றத்தை லேஅவுட்டின் தலையில் கட்டுவது

வேறு எழுத்துருவில் ஒரு தடவை பாருங்கள். பாதி பக் அங்கேயே செத்துவிடும்.

சிஸ்டம் கோப்பிலேயே கை வைப்பது

அடுத்த அப்டேட்டில் போய்விடும். எம்17என் உங்கள் வீட்டு அடைவில் (ஹோம் ஃபோல்டர்) உள்ள தனி அடைவையும் படிக்கும். அங்கே வைத்து ஓட்டிப் பாருங்கள். லினக்ஸில் திரையைக் கையாளும் அமைப்புகள் இரண்டு. எக்ஸ்கேபி கோப்பென்றால் புதியதான வேலாண்டில் இப்போது வீட்டு அடைவே போதும், பழையதான எக்ஸ்11-ல் அது நடக்காது. இரண்டிலும் சோதித்தேன் என்று சொல்லுமுன் எதில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஒரு மாசம் பார்க்கவில்லை.

ஸ்ரீ

சகரத்துக்கு உறவான 'ஶ' யூனிகோடுக்கு 2005-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் எல்லோரும் 'ஸ' போட்டுத்தான் ஸ்ரீ எழுதினார்கள், இப்போதும் பெரும்பாலோர் அப்படித்தான். எது சரி என்று ஒரு விசையின் மேல் நடக்கும் சண்டையில் நான் இனி கலந்துகொள்வதில்லை. அந்த விசை இன்று எதைத் தருகிறதோ அதையே தரட்டும்.

சோதனைச் சொற்களை நீங்களே தேர்ந்தெடுப்பது

நாமே தேர்ந்தெடுத்தால் நமக்கு வேலை செய்கிற சொற்கள்தான் நினைவுக்கு வரும். நான் இப்போது ஒரு கோப்பு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வரியிலும் ஒரு விசை வரிசை, அதற்கு வர வேண்டிய குறிகளின் எண்கள். ஒரு சின்ன பைத்தான் நிரல் இரண்டையும் எண்ணாகவே ஒப்பிடும். எழுத்தாகத் திரையில் எதையும் காட்டாது. வேண்டுமென்றேதான் காட்டாது. புகார் சொன்னவர்கள் கொடுத்த சொற்கள் எல்லாம் அதில் உண்டு. சசிகலா, மமதை, வெளஞ்ச. முதல் வரி வெளக்கமாறு.

மாணவருக்குப் பதில் எழுதும்போது அந்தக் கோப்பை உடனே அனுப்பவில்லை. 'உங்கள் பேட்ச்சைப் போட்டுவிட்டு, வெளக்கமாறு என்று அடித்துப் பார்த்துச் சொல்லுங்கள்' என்று மட்டும் எழுதினேன்.

பத்து நிமிஷத்தில் ஸ்கிரீன்ஷாட்டோடு பதில் வந்தது.

"பார்த்துட்டேன் அண்ணா. கரெக்டா வருதே?"