ஊரின் பழைய ரயில் நிறுத்தம் எங்கே இருந்தது? கண்டுபிடிக்கும் முறை

மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தடம்) காலத்தில் நம்ம ஊரில் ரயில் நின்றது என்று காரைக்குடிப் பக்கத்துப் பெரியவர்கள் யாராவது சொன்னால், இடத்தைக் காட்டச் சொல்வதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். டிக்கெட் யார் கொடுத்தார்கள்? எதிர் ரயிலுக்காக வண்டி அங்கே ஒதுங்கி நின்றதா? டிக்கெட்டே கொடுக்கவில்லை என்றால் பெரும்பாலும் அது கேட் கீப்பர் அறை. கமிஷனுக்கு டிக்கெட் விற்கும் வெளியாள், அதாவது கமிஷன் ஏஜென்ட் கொடுத்திருந்தால் அது ஹால்ட் என்னும் சிறு நிறுத்தம். ஒதுங்க இரண்டாவது தடம் இருந்தால் முழு ஸ்டேஷன். ஹால்ட் என்று தெரிந்துவிட்டால் சிக்னல் கம்பத்தைத் தேடி அலைய வேண்டாம்.

பெயரையும் நம்பிவிடாதீர்கள். தேவகோட்டை ரஸ்தா ஸ்டேஷன் தேவகோட்டையில் இல்லை. கண்டனூர் புதுவயல் என்பது இரண்டு ஊருக்கு ஒரே பலகை. பக்கத்து ஊர்ப் பெயரிலும் தேடுங்கள்.

அடுத்து, பழைய கால அட்டவணை. அதில் பக்கத்து ஸ்டேஷனுக்கும் நிறுத்தத்துக்கும் போட்டிருக்கும் தூரங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பாருங்கள். மெட்ரிக் முறைக்கு முந்தைய அட்டவணை மைலில் இருக்கும், 1.609-ஆல் பெருக்க வேண்டும். முழு எண்ணாக அச்சிட்ட இரண்டு தூரங்களைக் கழிப்பதால் ஒரு கிலோமீட்டர் வரை பிசகும், மைல் என்றால் ஒரு மைல் வரை. இன்றைய கிலோமீட்டர் கல்லோடு ஒப்பிட வேண்டாம். அகலப்பாதை போட்டபோது வளைவை நேராக்கிய இடங்களில் கணக்கே மாறியிருக்கும்.

அந்தப் பிசகை நிலப் பதிவு குறைத்துத் தரும். தமிழ்நாடு அரசின் இ-சேவை நில ஆவணத் தளத்தில் 'அ' பதிவேடும் (சர்வே எண் வாரியான நிலப் பட்டியல்) புல வரைபடமும் (அந்த நிலத்தின் அளவு வரைபடம்) பார்க்கலாம். ஒரே அகலத்தில் போகும் ரயில்வே நிலம் ஓரிடத்தில் மட்டும் வயிறு தள்ளியிருந்தால் கவனியுங்கள். தண்டவாளம் போகும் மண்கரைக்கு மண் எடுத்த பள்ளத்துக்கும் அப்படி அகலம் விட்டிருப்பார்கள். ஊரிலிருந்து வண்டிப்பாதை அங்கே வந்து சேர்ந்தால்தான் அது நிறுத்தம்.

நேரில் போக பங்குனி, சித்திரைதான் சரி. மழைக்குப் பிறகு சீமைக்கருவேலுக்குள் எதுவும் தெரியாது. ரப்பர் செருப்பைக் கருவமுள் துளைத்துவிடும், ஷூ போட்டுப் போங்கள். செம்மண்ணில் கருங்கல் ஜல்லி தனியாகத் தெரியும். வேலிக்கு நட்ட தண்டவாளத் துண்டு கிடைத்தால் அதன் இடுப்பில் (மேல் தலைக்கும் அடிப்பட்டைக்கும் நடுவில் உள்ள பக்கவாட்டில்) புடைத்த எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். துருவைத் தேய்த்துவிட்டு சாக்பீஸைப் படுக்கையாக உரசினால் வாசிக்கலாம். எஸ்.ஐ.ஆர். என்றிருந்தால் 1951-க்கு முந்தைய தென்னிந்திய ரயில்வேயுடையது. கூடவே இருக்கும் ஆண்டு ஆலையில் தண்டவாளம் செய்த ஆண்டு, பாதை போட்ட ஆண்டல்ல. ஏலத்தில் எடுத்து வேறெங்கிருந்தோ கொண்டுவந்த துண்டாகவும் இருக்கலாம், அதை மட்டும் சாட்சியாக வைக்காதீர்கள்.

ஓடும் பாதைக்குள் இறங்கக் கூடாது. 1989 ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

திறந்த தேதி, மூடிய தேதிக்குக் கோட்ட ரயில்வே அலுவலகத்துக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள் கெடு. 'ஏன் மூடினீர்கள்' என்று கேட்டால் உருப்படியான பதில் வராது, 'மூடிய உத்தரவின் நகல்' என்று கேட்க வேண்டும். இருபுறமும் உள்ள ஸ்டேஷன் பெயர்களையும் சேர்த்து எழுதுங்கள்; ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக் கோப்பைத் தேட முடியாது.