குடும்பத்தோட கார்ல தீம் பார்க் டிரிப்பா? கணக்க பார்க் கேட்லேர்ந்து பின்னாடி போடுங்க

லாங் டிரைவ் பண்ணி தீம் பார்க் போற பிளான் எங்க சொதப்புதுன்னா, எல்லாரும் வீட்டு வாசல்லேர்ந்து கணக்கு போட ஆரம்பிக்கறாங்க. காலைல 4 மணிக்கு கிளம்புறோம், 10 மணிக்கு பார்க், ராத்திரி மூடுற வரைக்கும் ஆட்டம், அப்படியே வண்டிய எடுத்தா விடியறதுக்குள்ள வீடு, ரூம் வாடகையும் மிச்சம். கேக்க சூப்பரா இருக்கும். ஆனா ராத்திரி 9 மணிக்கு பார்க் வாசல்ல நிக்கற டிரைவர் எந்த நிலைமைல இருப்பார்னு யாரும் யோசிக்கறதில்ல.

17 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருந்தா, ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கறவங்க அளவுக்கு கவனம் மங்கிடுதுன்னு ஆராய்ச்சில பாத்திருக்காங்க. 4 மணிக்கு கிளம்பணும்னு அதுக்கும் முன்னாடியே எழுந்தவருக்கு ராத்திரி 9 மணிக்குள்ளயே அந்த 17 மணி நேரம் முடிஞ்சிருச்சு, அதுவும் சும்மா உக்காந்திருந்த 17 மணி நேரம் இல்ல, 6 மணி நேரத்த ஸ்டியரிங்லயும் மீதிய வெயில்லயும் க்யூலயும் கழிச்சது. 100 கிலோமீட்டர் வேகத்துல வண்டி ஒரு செகண்டுக்கு 28 மீட்டர் போகும், நாலு செகண்ட் கண்ணு சொருகுனா போதும், 110 மீட்டருக்கு காரை யாருமே ஓட்டல.

அதனால நான் விடாப்பிடியா சொல்றது ஒண்ணுதான், பார்க் போற நாள்ல லாங் டிரைவ் கிடையாது. முந்தின நாள் இருட்டறதுக்குள்ள பார்க் பக்கத்துல ரூம், மறுநாள் முழுசா பார்க், அன்னிக்கு ராத்திரியும் அதே ரூம்ல தூக்கம், அடுத்த நாள் காலைல சாப்ட்டு நிதானமா கிளம்புறது. பட்ஜெட் இடிக்குதுன்னா சின்ன ரூமா பாருங்க, இல்ல பார்க்குக்கு உள்ள செலவ குறைங்க, ரெண்டாவது ராத்திரிய மட்டும் வெட்டாதீங்க.

இப்ப டைம் கணக்கு. மேப் 6 மணி நேரம்னு காட்டுனா அது எங்கயும் நிக்காம போனா ஆகற நேரம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ 15 நிமிஷம் நிறுத்தணும்னு பொதுவா சொல்லுவாங்க, சின்ன பசங்களும் வயசானவங்களும் இருந்தா அந்த 15 நிமிஷம் அரை மணி நேரமா நீளும், சாப்பாட்டுக்கு தனியா ஒரு மணி நேரம். ஆக 6 மணி நேரத்த 8னு எடுத்துக்கோங்க. மேப்ல 8 மணி நேரத்துக்கு மேல காட்டுச்சுன்னா நடுவுல ஒரு ஊர்ல தங்கிட்டு போறதுதான் மரியாதை. இன்னொண்ணு, நீங்க பாக்கற அந்த நிமிஷத்து டிராஃபிக்க நம்பாதீங்க, மேப்ல கிளம்பற நாளும் நேரமும் போட்டு பாக்கற ஆப்ஷன் இருக்கு, அதுல பாருங்க.

தூக்கம் அதிகமா அமுக்கற நேரம் ரெண்டு இருக்கு, நடுராத்திரிலேர்ந்து விடிகாலை வரைக்கும் ஒண்ணு, மத்தியானம் சாப்பிட்டப்புறம் 2 மணிலேர்ந்து 4 மணி வாக்குல இன்னொண்ணு. ஜன்னல திறந்து விடறது, பாட்ட சத்தமா வைக்கறது எல்லாம் கொஞ்ச நேரத்துக்குத்தான். காபி வேலை செய்யவே கிட்டத்தட்ட அரை மணி ஆகும், அதனால காபிய குடிச்சுட்டு பத்திரமான இடத்துல வண்டிய நிறுத்தி 15-20 நிமிஷம் கண்ண மூடுங்க, எழும்போது ரெண்டும் சேந்து வேலை செய்யும். ரெண்டு பேர் ஓட்டத் தெரிஞ்சவங்கன்னா மாத்தி மாத்தி ஓட்டுங்க, "எனக்கு ஒண்ணும் டயர்ட் இல்ல"ன்னு சொல்றவர்கிட்டேர்ந்துதான் முதல்ல சாவிய வாங்கணும்.

வண்டி செக்கப்ப கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே முடிங்க. முந்தின நாள் கொண்டுபோய், ஏதாவது பார்ட் மாத்தணும்னு சொல்லிட்டாங்கன்னா டிரிப்பே காலி. டயர் காத்து ஓட்டறதுக்கு முன்னாடி, டயர் சூடாகாம இருக்கும்போது பாக்கணும், எவ்ளோ வைக்கணும்ங்கறது டிரைவர் கதவ திறந்தா உள்பக்கம் ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்லயோ மேனுவல்லயோ இருக்கும். டயர் மேலயே போட்டிருக்கற நம்பர் அது தாங்கக்கூடிய உச்ச அளவு, அத பாத்து அடிச்சுடாதீங்க. ஆள், லக்கேஜ் எல்லாம் ஃபுல்லா இருந்தா வேற அளவு குடுத்திருப்பாங்க, அதத்தான் வைக்கணும். ஸ்டெப்னிய எல்லாரும் மறந்துடுவாங்க, அதுலயும் காத்து இருக்கான்னு பாருங்க, ஜாக்கி, ஸ்பானர் ரெண்டும் வண்டிலதான் இருக்கான்னும் பாருங்க. டயர் பக்கவாட்டுல நாலு இலக்க எண் ஒண்ணு இருக்கும், 2321ன்னா 2021ம் வருஷத்தோட 23வது வாரம் தயாரிச்சதுன்னு அர்த்தம், ரொம்ப பழசுன்னா மெக்கானிக்கிட்ட காட்டிட்டு கிளம்புங்க. கூலன்ட், பிரேக், வைப்பர், லைட், பேட்டரி எல்லாம் அதே செக்கப்ல முடிஞ்சிடும்.

லக்கேஜ்ல கனமானது டிக்கில கீழ, பின் சீட்ட ஒட்டி. பின் கண்ணாடிகிட்ட எதையும் வைக்காதீங்க, சடன் பிரேக் போட்டா அது பின்னாடி உக்காந்திருக்கறவங்க தலைலதான் வந்து விழும். முதல் ராத்திரிக்கு வேணும்ங்கறத மட்டும் ஒரு தனி பைல போட்டு எல்லாத்துக்கும் மேல வைங்க, இல்லன்னா அசதியா போய் சேந்தப்புறம் ஒரு டூத்பிரஷ்ஷுக்காக மொத்த டிக்கியையும் கவுக்கணும்.

குழந்தைங்களுக்கு வயசுக்கும் எடைக்கும் ஏத்த கார் சீட், அது பின் சீட்லதான். பின்பக்கம் பாத்து உக்கார வைக்கற சீட்ட ஏர்பேக் வேலை செய்யற முன் சீட்ல வைக்கவே கூடாது. பாட்டி "நான் மடில கெட்டியா புடிச்சுக்கறேன்"னு சொன்னா அன்பா மறுத்துடுங்க, மோதற வேகத்துல யார் கையும் தாங்காது.

வாந்தி மேட்டருக்கு வருவோம், பாதி டிரிப்ப கெடுக்கறது இதுதான். உள்காது "நகர்றோம்"னு சொல்லுது, ஃபோன்லயோ புக்லயோ இருக்கற கண்ணு "இல்ல, அசையவே இல்ல"ங்குது, இந்த குழப்பத்துலதான் வயித்த பொரட்டுது. 2 வயசுலேர்ந்து 12 வயசு வரைக்கும் இது அதிகம். வளைஞ்சு வளைஞ்சு போற ரோட்ல ஸ்கிரீன் வேணாம், தூரத்துல வெளிய பாக்க சொல்லுங்க, கொஞ்சம் வெளிக்காத்து விடுங்க, கிளம்பறதுக்கு முன்னாடி லைட்டா சாப்பாடு. மாத்திரைன்னா டாக்டர கேட்டுட்டு, பெரும்பாலும் கிளம்பறதுக்கு முன்னாடியே குடுக்கணும், ஆரம்பிச்சப்புறம் குடுத்து பெருசா பிரயோஜனம் இல்ல. அந்த மாத்திரைங்க நிறைய தூக்கம் வர வைக்கும், டிரைவர் போட்டுக்க கூடாது. கவர், ஈர டிஷ்யூ, ஒரு செட் துணி மூணும் கைக்கு எட்டற இடத்துல இருக்கணும், டிக்கில இருந்தா இருந்தும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான்.

நிறுத்தற இடத்துல எல்லாரையும் இறக்குங்க, தாத்தா பாட்டிய ரெண்டு நிமிஷமாவது நடக்க வைங்க. தூங்கற குழந்தைய "அஞ்சு நிமிஷம்தானே"ன்னு பூட்டுன கார்ல விட்டுட்டு போகாதீங்க, வெயில்ல நிக்கற காருக்குள்ள 10 நிமிஷத்துல கிட்டத்தட்ட 10 டிகிரி செல்சியஸ் ஏறிடும்.

பார்க்குக்குன்னு வீட்லயே செய்யவேண்டிய முக்கியமான வேலை, பசங்க உயரத்த அளக்கறது. ஒவ்வொரு ரைடுக்கும் எவ்ளோ உயரம் வேணும்னு பார்க் வெப்சைட்லயே போட்டிருப்பாங்க, எது முடியும் எது முடியாதுன்னு பசங்களுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, ஒரு மணி நேரம் க்யூல நின்னு கடைசில "உனக்கு உயரம் பத்தல"ன்னா அந்த அழுகைய சமாளிக்க முடியாது. ஹீல்ஸ் ஷூ போட்டு ஏமாத்தலாம்னு மட்டும் நினைக்காதீங்க, அந்த பெல்ட்டும் கம்பியும் அந்த உயரத்துக்குன்னு டிசைன் பண்ணது. சின்ன குழந்தை இருந்தா ரைடு வாசல்ல ஸ்டாஃப்கிட்ட கேளுங்க, நிறைய பெரிய பார்க்ல ஒருத்தர் குழந்தைய பாத்துக்க இன்னொருத்தர் போயிட்டு வந்து, திரும்ப க்யூ நிக்காம மாத்திக்கற வசதி இருக்கு.

லீவு இல்லாத வார நாளா பாத்து, அன்னிக்கு எந்தெந்த ரைடு மெயின்டனன்ஸ்ல இருக்குன்னும் செக் பண்ணிட்டு டிக்கெட்ட ஆன்லைன்ல போட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க, கேட்ல கூட்டத்துல நெட் கிடைக்கலன்னா கஷ்டம். திறக்கறதுக்கு முக்கால் மணி நேரம் முன்னாடியே பார்க்கிங்ல இருந்தா நல்லது, பக்கத்துல தங்கறதோட முழு லாபமும் இதுதான், முதல் ஒரு மணி நேரத்துல பெரிய ரைடுங்கள முடிச்சிடலாம். எல்லாரும் சாப்பிட போறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே சாப்ட்டுருங்க, சாப்ட்ட உடனே சுத்தற ரைடு வேணாம். தண்ணி ரைடுகள வெயில் ஏறினப்புறம் வச்சுக்கோங்க. காலைல உள்ள போனதும் பசங்கள அன்னிக்கு போட்டிருக்கற டிரஸ்ஸோட ஒரு ஃபோட்டோ எடுங்க, தொலைஞ்சுட்டா என்ன கலர் சட்டைன்னு பதட்டத்துல ஞாபகம் வராது. கைல உங்க ஃபோன் நம்பர பேனாவால எழுதிடுங்க, கார் நிறுத்துன வரிசை நம்பரையும் ஒரு ஃபோட்டோ.

திரும்பற நாளுக்கு புதுசா எந்த இடத்தையும் சேக்காதீங்க, "வழிலதானே இருக்கு, பாத்துட்டே போயிடலாம்"னு எவராவது ஒருத்தர் கண்டிப்பா சொல்வாங்க. டேங்க் ஃபுல் பண்ற வேலைய முதல் நாள் வந்து சேரும்போதே முடிச்சுட்டு, கிளம்பற காலைல டயர் காத்த மறுபடி ஒரு தடவ பாத்துட்டு எடுங்க.