கிங்டம்: டூ கிரவுன்ஸ் – முதல் தீவில் தலை தப்புவது எப்படி?

2018 டிசம்பரில் வெளிவந்த கிங்டம்: டூ கிரவுன்ஸ் என்ற வீடியோ கேம் பார்ப்பதற்கு அமைதியான பிக்சல் ஓவியம் போல இருக்கும். நீங்கள்தான் ராஜா, பகலில் குதிரையில் சுற்றி ஊரைக் கட்ட வேண்டும். இருட்டியதும் முகமூடி போட்ட பிசாசுகள் போர்ட்டல்கள் என்ற மாய வாசல்களிலிருந்து கிளம்பி வரும். கேமில் அவற்றுக்கு கிரீட் என்று பெயர். உங்கள் கிரீடத்தை அவை தூக்கிக்கொண்டு போய்விட்டால் ஆட்சி முடிந்தது. அடுத்த வாரிசு வந்து ஊரைத் திரும்ப எழுப்ப வேண்டும். ஆனால் ரத்தினம் கொடுத்துத் திறந்த குதிரைகளும் கற்றுக்கொண்ட தொழில்நுட்பமும் கையைவிட்டுப் போகாது. அதனால் முதல் தோல்விக்குக் கலங்க வேண்டியதில்லை.

இந்த கேம் எதையும் எழுத்தில் விளக்காது. அதற்காகத்தான் இந்தச் செய்முறை.

1. பட்டன்கள்

இடம், வலம், காசு போடுவது, இவ்வளவுதான். வாள் கிடையாது, ராஜா சண்டை போட மாட்டார். எதையாவது கட்டவோ வாங்கவோ முடியும் என்றால், அதன் அருகில் போய் நின்றதும் மேலே காசு வட்டங்கள் தெரியும். பட்டனை அழுத்திப் பிடித்து எல்லா வட்டங்களையும் நிரப்புங்கள். பாதியில் விட்டால் வேலை நடக்காது, போட்ட காசு கீழே விழும்.

பையில் எத்தனை காசு என்று கேம் எண்ணில் காட்டாது. கண்ணால் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும். பை நிரம்பிய பிறகு கிடைக்கும் காசு வழிந்து தண்ணீருக்குள் போய்விடும், அதைத் திரும்ப எடுக்க முடியாது. பை தளும்ப ஆரம்பித்தால் முதலில் செலவழியுங்கள்.

2. ஆள் சேர்ப்பு

காட்டுக்குள் நெருப்பைச் சுற்றிக் கந்தல் உடையில் சிலர் உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கு 1 காசு போட்டால் ஊருக்குள் ஓடி வருவார்கள். வந்தவர்கள் சும்மாதான் நிற்பார்கள். ஊர் நடுவில் உள்ள கடையில் கருவி வாங்கி வைத்தால்தான் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவார்கள். வில் 2 காசு, சுத்தியல் 3 காசு. ஆக ஒரு வில்லாளிக்கு மொத்தச் செலவு 3 காசு, ஒரு கட்டட வேலையாளுக்கு 4.

முதல் ஆளுக்கு வில், இரண்டாம் ஆளுக்குச் சுத்தியல் கொடுங்கள். அதன் பிறகு சேரும் எல்லாருக்கும் வில்தான். முதல் சில நாட்களுக்குச் சுத்தியல்காரர்கள் 2 பேருக்கு மேல் தேவையே இல்லை. புதிதாக ஆடுபவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள்: சீக்கிரம் கட்டி முடிக்கலாம் என்று நாலைந்து சுத்தியல் வாங்கிவிட்டு, இரவில் சுவருக்குப் பின்னால் நிற்க ஆளில்லாமல் தவிப்பார்கள்.

வில்லாளி இரண்டு வேலை பார்ப்பவர். பகலில் புதரிலிருந்து முயல் எட்டிப் பார்க்கும், ஒன்றிரண்டு அம்பு தவறும், அடுத்தது பட்டதும் 1 காசு அவர் கையில். நீங்கள் அவரைக் கடந்து போகும்போது அதை உங்களிடம் எறிவார். மாலையானதும் அதே ஆள் எல்லைச் சுவருக்குப் பின்னால் வந்து நிற்பார். உங்கள் வருமானமும் காவலும் அவர்தான். கோபுரத்தில் ஏறிய வில்லாளி வேட்டைக்கு இறங்க மாட்டார் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆட்கள் குறைவாக இருக்கும்போது கோபுரம் கட்டினால் மறுநாள் வரவு குறையும். இரு பக்கமும் நாலு நாலு பேராவது சேரட்டும், பிறகு கோபுரத்தைப் பார்க்கலாம்.

3. மரம் வெட்டுவதில் கவனம்

ஒரு மரத்துக்கு 1 காசு. மரம் போன இடத்தில் புல் பரவும், புல்வெளியில் முயல் வரும். ஆகவே வெட்டுவது லாபம்தான். ஆனால் கந்தல் ஆட்களின் முகாம் காட்டுக்குள் மட்டுமே நிலைக்கும். அதைச் சுற்றி மரம் போய்விட்டால் முகாமே மறைந்துவிடும், அங்கிருந்து இனி ஆள் வராது. தொடக்கத்திலேயே ஒரு முகாமை இழந்தால் அந்தத் தீவு முழுக்க ஆள் பஞ்சம்தான். முகாமின் இரு பக்கமும் மரங்களைத் தொடாதீர்கள். சுவர் எழுப்பும் இடங்கள் மண்மேடுகளாகத் தெரியும், முகாமுக்கு முந்தைய மண்மேட்டிலேயே சுவரை நிறுத்திக்கொள்ளுங்கள்.

4. ஒரு நாளை எப்படிப் பிரிப்பது

விடிந்ததும் ஊருக்குள் ஒரு சுற்று வந்து வில்லாளிகளிடம் இருக்கும் காசை வாங்குங்கள். அடுத்து முகாமுக்குப் போய் ஆள் சேருங்கள். சுவர், மரம் எதுவானாலும் உச்சிப்பொழுதுக்குள் காசு போட்டுவிடுங்கள். பிற்பகலில் தூரத்து மரத்துக்குக் காசு போட்டால், சுத்தியல்காரர் சுவருக்கு வெளியே இருக்கும்போதே இருட்டிவிடும். பிசாசு ஒரு அடி அடித்தால் கருவி பறிபோகும், அடுத்த அடியில் அவர் பழையபடி கந்தல் ஆளாகிவிடுவார்.

தூரம் போகும்போது குதிரையை விடாமல் விரட்டாதீர்கள். களைத்த குதிரை நடக்க மட்டுமே செய்யும். புல் உள்ள இடத்தில் சற்று நிறுத்தினால் மேய்ந்து தெம்பாகிவிடும்.

5. வெளியே மாட்டிக்கொண்டால்

உங்கள் மேல் விழும் அடிக்கு முதலில் காசுதான் சிதறும். காசு தீர்ந்த பிறகே கிரீடம் விழும். அதாவது காசுப் பைதான் உங்கள் கவசம், வெறும் பையோடு காட்டுக்குள் போகவே கூடாது. துரத்தி வந்தால் ஓடிக்கொண்டே ஒவ்வொரு காசாகக் கீழே போடுங்கள். காசை எடுத்த பிசாசு அதோடு திரும்பிப் போய்விடும். கிரீடமே விழுந்தாலும் பதறாதீர்கள், அவை எடுப்பதற்குள் நீங்கள் திரும்பிப் போய் எடுத்துக்கொள்ளலாம்.

6. சிவப்பு நிலாவும் குளிர்காலமும்

சிவப்பு நிலா தெரியும் இரவில் கூட்டம் வழக்கத்தைவிடப் பெரிதாக வரும். அதற்கு ஒரே சுவர் போதாது. எல்லைச் சுவர் உடைந்தால் ஆட்கள் பின்வாங்கி நிற்க உள்ளே இன்னொரு சுவர் இருக்க வேண்டும். எல்லையை விரிக்கும்போது பழைய உள்சுவரைப் பலப்படுத்தாமல் விட்டுவிடுவதால்தான் பல ஊர்கள் ஒரே இரவில் விழுகின்றன.

ஒவ்வொரு பருவமும் 16 நாள். குளிர்காலத்தில் வயல் விளையாது, முயலும் வராது, மானை வேட்டையாடலாம். இலையுதிர் காலத்திலேயே சேமிக்கத் தொடங்குங்கள். ஊர் வளர்ந்து வங்கிக்காரர் வந்துவிட்டால் அவரிடம் போட்டு வையுங்கள்.

7. எப்போது கிளம்புவது

முதல் தீவில் மரச்சுவர்தான். கல் 2-ஆம் தீவில் கிடைக்கும், இரும்பு 4-ஆம் தீவில். எனவே இங்கேயே எல்லாவற்றையும் முடிக்க நினைக்காமல், இரு பக்கச் சுவரும் சில இரவுகள் தொடர்ந்து தாங்கினால், அடுத்த தீவுக்குப் போவதற்கான உடைந்த படகுக்குக் காசு போட ஆரம்பியுங்கள். கட்டி முடித்த படகைச் சுத்தியல்காரர்கள்தான் துறைவரை தள்ளிக்கொண்டு போவார்கள். மெதுவான வேலை, அதுவும் சுவருக்கு வெளியே. சிவப்பு நிலா கடந்த மறுநாள், விடிந்தவுடன் தொடங்குங்கள்.