பெரிய டயர் மாட்டும் முன் ஆக்ஸிலைக் கேளுங்கள்: ஜீப்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரில் கெடிலம் ஆற்றை ஒட்டிய ஒரு தென்னந்தோப்பு வழியில்தான் என் பழைய ஜீப்பின் பின் ஆக்ஸில் ஷாஃப்ட், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் தண்டு, முறிந்தது. ஐப்பசி மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. இடது பின்சக்கரம் களிமண்ணில் வழுக்கிச் சுற்றிக்கொண்டிருக்க, நான் ஆக்ஸிலேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்தேன். சேற்றுக்கு அடியில் கிடந்த வேர்க்கட்டையை டயர் கவ்வியது. 'டக்' என்று ஒரே சத்தம். பிறகு பின்சக்கரங்கள் இரண்டும் இழுக்கவில்லை. முன்சக்கரங்களை நம்பி ஊர்ந்து வெளியே வந்தேன்.

ஷாஃப்டைக் கழற்றிய மெக்கானிக் அண்ணன், முறிந்த முனையைப் பார்த்ததும் கேட்டது ஒன்றுதான்: "டயரு எப்ப மாத்துன தம்பி?"

29 அங்குலத்தைக் கழற்றி 33 போட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. வீல் ஆர்ச்சில் உரசுகிறதா, வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் எவ்வளவு வேண்டும், ஸ்டியரிங் முழுக்க ஒடிகிறதா என்று எல்லாம் பார்த்திருந்தேன். ஆக்ஸிலைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. கடலூர், புதுச்சேரி பக்கம் நான் பார்த்த முறிந்த ஷாஃப்ட்கள் பெரும்பாலும் இந்த ஒரே தவறில் தொடங்கியவை: உரசாவிட்டால் டயர் பொருந்திவிட்டது என்று நினைப்பது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஞ்சின் 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. முதல் கியர் 4, மெதுவாக இழுக்கப் போடும் லோ ரேஞ்ச் 2.5, ஆக்ஸிலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கர ஜோடி 4 என்று பெருக்கினால் 10,000 வருகிறது. நான்கு சக்கரத்துக்குப் பங்கிட்டாலும் ஒன்றுக்கு 2,500. இத்தனையும் ஷாஃப்டில் ஏறாமல் இருப்பதற்குக் காரணம், அதற்கு முன்பே டயர் வழுக்கிவிடுவதுதான். பின் ஆக்ஸிலில் 900 கிலோ இறங்கினால் ஒரு சக்கரத்துக்கு 450. வானூர் பக்கத்துக் காய்ந்த செம்மண் மேட்டில் உராய்வுக் குணகம் 0.8 என்று வைத்தால், சுமார் 3,500 நியூட்டன் விசைக்கு மேல் டயர் வழுக்கும். 29 அங்குல டயரின் ஆரம் 0.37 மீட்டர். அப்போது ஷாஃப்ட் பார்ப்பது 1,300 நியூட்டன் மீட்டர். 33 அங்குலத்தில் ஆரம் 0.42 ஆகிறது, ஷாஃப்ட் பார்ப்பதும் 1,480 ஆகிறது.

அதாவது, டயர்தான் ஆக்ஸிலின் ஃபியூஸ். வீட்டு ஃபியூஸ் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றினால் அடுத்து எரிவது ஒயரிங். பெரிய டயரும் அந்தத் தடித்த கம்பி மாதிரிதான்.

ஆனாலும் இந்த 14 சதவீதம் மட்டும் என் ஷாஃப்டை முறிக்கவில்லை. முறித்தது எடை. சேற்றுக்கான மட் டெரெய்ன் டயர் ஒன்றுக்கு 8 கிலோ கூடுவது சாதாரணம். 20 கிலோ 28 ஆகி, விட்டமும் 29லிருந்து 33 ஆனால், அதே வேகத்தில் சுற்றும் டயரில் தேங்கும் ஆற்றல் ஏறக்குறைய 1.8 மடங்கு. சேற்றில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த டயர் ஒரு வேரையோ கல்லையோ கவ்வி நொடியில் நிற்கும்போது, அவ்வளவும் ஷாஃப்டின் பல்லில் வந்து அடிக்கிறது. நம் ஊரில் களிமண்ணுக்கு அடியில் எது கிடக்கிறது என்று தெரியாது. சக்கரம் சுற்றத் தொடங்கினால் காலை எடுங்கள். மிதிக்கவே மிதிக்காதீர்கள்.

இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கர் போடுகிறவர்கள் இதையும் கேட்க வேண்டும். ஆக்ஸிலின் நடுவே இருக்கும் சாதாரண டிஃபரன்ஷியல் முறுக்குவிசையை இரண்டு ஷாஃப்டுக்கும் சமமாகத்தான் பங்கிடும். லாக்கர் போட்டபின் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், மொத்த 900 கிலோவும் மறுபக்கச் சக்கரத்தில். மேலே போட்ட கணக்கில் 1,480 என்பது கிட்டத்தட்ட 3,000 ஆகிவிடும். டயரை மாற்றியதை விட லாக்கர் போட்டதுதான் ஷாஃப்டுக்குப் பெரிய பாரம். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்துவிட்டு, ஷாஃப்டை மட்டும் பழையதாக விடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறுகிறது.

'டானா 30க்கு 33 வரை, டானா 44க்கு 35 வரை' என்று ஆக்ஸில் மாடலுக்கு ஏற்ற டயர் அங்குலத்தைச் சொல்லும் அமெரிக்கப் பட்டியலை அப்படியே நம் வண்டிக்கு எடுப்பதும் தவறு. அது அந்த ஆக்ஸிலுக்கும் அங்கே ஓடும் வண்டிகளின் எடைக்கும் சொன்ன கைக்கணக்கு. உங்கள் ஷாஃப்டின் விட்டத்தை அளந்து பாருங்கள். முறுக்கைத் தாங்கும் பலம் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும்: 30 மில்லிமீட்டர் 33 ஆனால் பலம் 33 சதவீதம் ஏறும்.

அதற்காக ஷாஃப்டை மட்டும் குரோமோலி என்ற பலமான எஃகில் மாற்றினால், அடுத்து உடைவது கிரவுன் பினியன். ஷாஃப்ட் முறிந்தால் அரை நாள் வேலை. கிரவுன் பல் உடைந்தால் துண்டுகள் பேரிங்கிலும் ஹவுசிங்கிலும் புகுந்து மொத்தத்தையும் பிரிக்க வைக்கும். முதலில் உடையப்போவது சுலபமாகக் கழற்றி மாட்டக்கூடியதாக இருக்கட்டும். அதற்கு ஸ்பேர் ஒன்றை வண்டியிலேயே வையுங்கள்.

ரேஷியோவை மறப்பவர்களும் உண்டு. 4.1 கிரவுன் பினியனோடு 29லிருந்து 33க்குப் போனால் வண்டிக்கு அது 3.6 மாதிரி ஆகிவிடும். இழுவை குறைய, கிளட்சைப் பாதி மிதித்தே ஓட்டுவீர்கள், கிளட்ச் கருகும். பழைய இழுவைக்கு 4.67 பக்கம் வேண்டும். அதே அளவு கிரவுனில் ரேஷியோ ஏற ஏறப் பினியன் சிறுத்துப் பலம் குறையும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

முன் ஆக்ஸிலுக்கு ஒரே வார்த்தை: ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வைத்துக்கொண்டு மிதிக்காதீர்கள். சக்கரம் திரும்ப ஷாஃப்டை மடங்கவிடும் யூ ஜாயின்ட் அந்தக் கோணத்தில்தான் உடையும். வீல் ஸ்பேசர் போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளினால் ஹப் பேரிங் சீக்கிரம் போகும். பிரேக்கும் அதே பழைய பிரேக், நிறுத்த வேண்டியதோ அதிக எடை.

மணலுக்குப் பெரிய டயர் வேண்டும் என்பார்கள். தேவையில்லை. காற்றை 15, 18 பிஎஸ்ஐக்கு இறக்கினால் தடம் நீண்டு, இருக்கிற டயரே மிதந்து போகும். கடற்கரை மணலில் மட்டும் வண்டியை இறக்காதீர்கள். தையிலிருந்து பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிடும் கரை இது.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து ஆர்சி விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கேள்வி இதிலிருந்து தொடங்கலாம்.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறிய பிறகு, முட்டளவுத் தண்ணீரில் ஓட்டி வந்த ஜீப்பின் டிஃபரன்ஷியலைத் திறந்தால் ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தது. சூடான ஆக்ஸில் சட்டென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, ஆக்ஸில் மூச்சுவிடும் பிரீதர் துளை வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அந்த ஆயிலோடு ஓட்டினால் எவ்வளவு பலமான கிரவுனும் தேயும். பிரீதர் குழாயை எஞ்சின் உயரத்துக்கு ஏற்றிக் கட்ட ஒரு மீட்டர் ரப்பர் டியூபும் இரண்டு கிளிப்பும் போதும்.

என் வண்டியில் இப்போது 31 அங்குலம் ஓடுகிறது. லாக்கர் இல்லை. ஸ்பேர் ஷாஃப்ட் பின்சீட்டுக்கு அடியில், கிரீஸ் தடவிச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன்.