வற்றிய குளத்தில் ஆரம்பியுங்கள்: மாணவர்களுக்குக் குளத்தையும் பறவைகளையும் சொல்லித்தர ஒரு செய்முறை

குளம் பற்றிப் பாடம் நடத்தவேண்டும் என்றதும் பல ஆசிரியர்கள் ஜனவரி மாதம் திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வேன் பேசிவிடுகிறார்கள். பிள்ளைகள் பறவைகளைப் பார்ப்பார்கள், முறுக்கு சாப்பிடுவார்கள், திரும்பி வருவார்கள். குளம் என்பது தண்ணீர் வந்து, நின்று, வற்றிப் போகிற ஒன்று என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாமலே போகும். அதனால் குளம் காய்ந்து கிடக்கும்போதே வேலையை ஆரம்பியுங்கள்.

1. குளத்தைத் தேர்ந்தெடுப்பது

பள்ளியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு மானாவாரிக் குளம் போதும். தாமிரபரணிக் கால்வாய்த் தண்ணீர் வரும் குளங்களில் ஜூனில் தொடங்கும் கார் சாகுபடிக் காலத்திலேயே தண்ணீர் வந்துவிடலாம். பருவ மாற்றம் அங்கே அவ்வளவு பளிச்சென்று தெரியாது. வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பியிருக்கும் குளம்தான் நமக்குத் தோது. தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

2. ஆகஸ்ட், செப்டம்பர்: காய்ந்த குளம்

வரத்துக்கால் (தண்ணீர் உள்ளே வரும் கால்), கரை, மடை (வயலுக்குத் தண்ணீர் திறக்கும் வாய்), மறுகால் (நிறைந்தபின் மிச்சத் தண்ணீர் வழியும் இடம்) நான்கையும் நடந்தே காட்டி, படமாக வரையச் சொல்லுங்கள். மடை திறக்கிற பெரியவர் யாராவது கிடைத்தால் விடாதீர்கள். "தாத்தா, கடைசியா எந்த வருசம் மறுகால் பாஞ்சது?" என்று ஒரு பிள்ளை கேட்டால் போதும், பாதிப் பாடத்தை அவரே நடத்திவிடுவார்.

மண் அள்ளிய குழிகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதைப் படத்தில் கட்டாயம் குறிக்கவேண்டும். தண்ணீர் நிறைந்தபின் அவை கண்ணுக்குத் தெரியாது. குளத்தில் ஆளை விழுங்குவது பெரும்பாலும் இந்தக் குழிகள்தான்.

பிறகு வெடித்த கரம்பை மண்ணைக் கிளறிப் பாருங்கள். நத்தை ஓடு கிடைக்கும். கையில் எடுத்துக் கனம் பார்க்கச் சொல்லுங்கள். லேசாக இருந்தால் வெறும் ஓடு. கனமாக, வாய் மூடியிருந்தால் உள்ளே நத்தை உயிரோடு இருக்கலாம். வாயில் இருக்கும் மூடியை இறுக அடைத்துக்கொண்டு அது மழைக்குக் காத்திருக்கிறது. பார்த்ததும் இருந்த இடத்திலேயே புதைத்துவிடுங்கள்.

3. பாட்டிலில் ஒரு குளம்

எனக்கு இதுதான் மொத்தப் பாடத்தின் உயிர். குளத்தின் ஆகப் பள்ளமான இடத்திலிருந்து இரண்டு கைப்பிடி காய்ந்த மண் எடுங்கள். ஒரு பங்கை அப்படியே வையுங்கள். இன்னொரு பங்கைச் சட்டியில் நன்றாக வறுத்து ஆறவிடுங்கள். இரண்டையும் வாய் அகன்ற இரண்டு கண்ணாடி பாட்டில்களில் போட்டு மழைத்தண்ணீர் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர்தான் என்றால் ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் போனபின் ஊற்றுங்கள். கொசு முட்டையிடாதபடி வாயைத் துணியால் கட்டி, வெளிச்சம் படும் ஜன்னலோரம் வையுங்கள். நேர் வெயில் வேண்டாம்.

தினமும் கைலென்ஸில் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வறுக்காத மண்ணுள்ள பாட்டிலில் கடுகை விடச் சின்னதாக, ஓடு போட்ட உயிர்கள் சுழன்று நீந்தும். சில சமயம் நீர்ச்செடியும் முளைக்கும். இத்தனை மாதமும் அவை முட்டையாகவும் விதையாகவும் அந்தக் காய்ந்த மண்ணுக்குள் கிடந்திருக்கின்றன. வறுத்த மண்ணில் ஏன் ஒன்றும் வரவில்லை என்பதற்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள், அவர்களே சண்டை போட்டுக் கண்டுபிடிக்கட்டும். எதுவும் வரவில்லையென்றால் வேறு இடத்து மண்ணை எடுத்து இன்னொரு முறை செய்யுங்கள்.

4. ஜனவரி: நிறைந்த குளம்

அதே குளம், அதே படம். காலை ஆறரைக்குக் கரையில் நிற்கவேண்டும். நம் பக்கம் நிலம் கிழக்கே சரிவதால் பல குளங்களுக்குக் கரை கிழக்கில் இருக்கும். அங்கே நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். கரையை விட்டு யாரும் இறங்கக்கூடாது.

பெயர் கேட்டு ஆரம்பிக்காதீர்கள். எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது, எப்படித் தின்கிறது என்று கேளுங்கள். ஆழத்தில் நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம். முழங்கால் தண்ணீரில் கரண்டிவாயன், மஞ்சள் மூக்கு நாரை. சேற்று விளிம்பில் உள்ளானும் ஆள்காட்டியும். நத்தை குத்தி நாரையின் அலகு நடுவில் இடைவெளி விட்டிருக்கும். மண்ணுக்குள் பார்த்த நத்தையை யார் தின்கிறார்கள் என்பது அப்போது பிடிபடும்.

எண்ணுவதற்கு, முதலில் பத்துப் பறவை எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணால் அளந்து, அதை வைத்துக் கூட்டத்தைப் பத்துப் பத்தாக எண்ணப் பழக்குங்கள். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஜனவரி மாதங்களில் தன்னார்வலர்களோடு நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. பழகிய பெரிய பிள்ளைகளை அதில் சேர்க்கலாம்.

மார்ச்சில் ஒரு தரம் போய்ப் பார்த்துவிடுங்கள். தண்ணீர் இறங்க இறங்க ஆழத்துப் பறவைகள் குறைந்து, சேற்றில் மேய்கிற கூட்டம் கூடும்.

5. அப்புறம் கூந்தன்குளம்

இப்போது வேன் பேசலாம். நாங்குநேரி வட்டத்திலுள்ள இந்தக் குளம் 1994-இல் சரணாலயமானது, 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இமயமலையைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்து இங்கே வரும். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. அங்கே போய்ப் பிள்ளைகள் கத்தினால் நமக்குத்தான் வெட்கம். அங்கிருந்து மண்ணோ இறகோ எதுவும் எடுக்கக்கூடாது. மணிமுத்தாறு அணைத் தண்ணீர் வராத வருசம் குளம் வெறிச்சோடிக் கிடக்கலாம். அதனால் வனத்துறையிடம் விசாரித்துவிட்டு வண்டிக்கு முன்பணம் கொடுங்கள்.