தேவன் தெரிந்துகொண்டார் என்று சொல்லும்போது நாம் செய்கிற தவறுகள்

எலத்தகிரி, கோவிலூர் மாதிரியான பழைய கத்தோலிக்க ஊர்களை விட்டுவிட்டால், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பெரும்பாலான ஊர்களில் கிறிஸ்தவக் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் 'தேவன் நம்மைத் தெரிந்துகொண்டார்', அதாவது தேர்ந்தெடுத்தார், என்ற உபதேசம் இங்கே வெறும் வேதபாடமாக நின்றுவிடுவதில்லை. "இத்தனை பேர் இருக்கிற ஊரில் என்னை மட்டும் ஏன்?" என்று ஒருவர் நன்றியோடு கேட்பார். கேட்ட மறுநிமிஷமே, "அப்படியானால் என் அப்பா? என் பாட்டி?" என்று அவர் மனம் கலங்கும். இந்த இரண்டாவது கேள்விக்கு நாம் சொல்கிற அவசரப் பதில்கள் பலரைக் காயப்படுத்தியிருக்கின்றன. என் பார்வையில், இந்த உபதேசம் பெற்றுக்கொண்டவர் நன்றி சொல்லவும் பிறருக்கு ஊழியம் செய்யவும் கொடுக்கப்பட்டது. அதைப் பக்கத்து வீட்டுக்காரரை அளக்கும் கோலாக எடுக்கும்போதுதான் தவறுகள் தொடங்குகின்றன.

முதலில், தெரிந்துகொள்ளுதலைத் தலையெழுத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வது. பரீட்சையில் தவறினாலும், போர்வெல்லில் தண்ணீர் வராவிட்டாலும், மகளுக்கு வரன் தள்ளிப்போனாலும் "எழுதினபடிதானே நடக்கும்" என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஞானஸ்நானம் எடுத்த பிறகும் அந்தப் பேச்சு கூடவே வருகிறது. பிரம்மா எழுதினார் என்ற இடத்தில் கர்த்தர் முன்குறித்தார் (முன்பே தீர்மானித்தார்) என்று போட்டுக்கொள்கிறோம், அவ்வளவுதான். ஆனால் எபேசியர் 1:4, 5 வசனங்களை நிதானமாக வாசித்துப் பாருங்கள். கிறிஸ்துவுக்குள், அன்பில், பரிசுத்தமாய் இருப்பதற்காக, பிள்ளைகளாக ஏற்றுக்கொள்ளப்படுவதற்காக என்றுதான் அங்கே இருக்கிறது. ஒரு தகப்பன் பிள்ளையைச் சேர்த்துக்கொள்கிற பேச்சு அது. போர்வெல்லைப் பற்றியும் வரனைப் பற்றியும் அந்தப் பகுதி பேசவில்லை. தேவன் அன்றாட வாழ்வை நடத்துகிறார் என்பது பராமரிப்பு பற்றிய உபதேசம். அது தனியாகப் படிக்க வேண்டியது. இரண்டையும் கலந்துவிட்டால், குடியை விட மனமில்லாத ஒருவர், "கர்த்தர் முன்குறித்திருந்தால் அவரே மாற்றுவார்" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வீட்டில் அடி வாங்குகிற மனைவிக்கும் அதையே ஆறுதலாகச் சொல்வோம். இது உபதேசமே இல்லை.

அடுத்தது, நம்மிடம் ஏதோ இருந்ததால்தான் தேவன் எடுத்தார் என்ற நினைப்பு. மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கத்து மண்டிகளில் தரம் பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடிபடாத, நிறம் ஏறிய அல்போன்சாவும் பங்கனப்பள்ளியும் பெட்டிக்குப் போகும். பெங்களூரா லோடு லோடாக மாங்கூழ் தொழிற்சாலைக்குப் போகும். தேவனும் அப்படித்தான் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கினார் என்று நம்மில் பலர், வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், நினைக்கிறோம். உபாகமம் 7:7 இதை நேராக மறுக்கிறது. நீங்கள் பெருங்கூட்டம் என்பதற்காக அவர் உங்களைத் தெரிந்துகொள்ளவில்லை, எல்லா ஜனங்களிலும் கொஞ்சமாகத்தான் இருந்தீர்கள் என்று இஸ்ரவேலின் முகத்துக்கு நேராகவே சொல்கிறது. கொரிந்து சபைக்கு எழுதும்போது பவுலும் அதையே சொல்கிறார்: உங்களில் ஞானிகள் அநேகரில்லை, வல்லவர்கள் அநேகரில்லை, பிரபுக்கள் அநேகரில்லை. அப்படி இருக்கும்போது "நாங்கள் நாலு தலைமுறைக் கிறிஸ்தவர்கள்" என்று நேற்று வந்தவரைப் பின் பெஞ்சில் உட்கார வைப்பதற்கும், சாதி பார்த்துத்தான் சம்பந்தம் என்பதற்கும் இந்த உபதேசத்தில் இடமே இல்லை. தெரிந்துகொள்ளுதலை ஒரு சபை உண்மையில் நம்புகிறதா என்று பார்க்க வேண்டுமானால், அந்தச் சபையின் கல்லறைத் தோட்டத்தில் யாரை எங்கே புதைக்கிறார்கள் என்று பார்த்தாலே போதும்.

புத்தாண்டு ஆராதனையில் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். யோவான் 15:16 அதில் அடிக்கடி வரும். பூப்படம், அதன்மேல் "நீங்கள் என்னைத் தெரிந்துகொள்ளவில்லை, நான் உங்களைத் தெரிந்துகொண்டேன்" என்ற வரி. பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். அட்டை பீரோ கண்ணாடியில் ஒட்டப்படும், செல்போன் கவருக்குள் போகும். ஆனால் வசனம் அங்கே முடியவில்லை. "நீங்கள் போய்க் கனிகொடுக்கும்படிக்கும், உங்கள் கனி நிலைத்திருக்கும்படிக்கும்" என்று தொடர்கிறது. எதற்காகத் தெரிந்துகொண்டார் என்பதே அந்தப் பாதியில்தான் இருக்கிறது. ஆபிரகாமை அழைத்தபோதும் அப்படித்தான்: பூமியின் எல்லா வம்சங்களும் அவனுக்குள் ஆசீர்வதிக்கப்பட வேண்டும் என்பதுதான் நோக்கம். ஒருவரை எடுத்ததே மற்ற எல்லாருக்காகவும். ஆமோஸ் 3:2 இன்னும் கடுமையாகப் பேசும். உங்களை மட்டும் அறிந்துகொண்டேன், ஆகையால் உங்கள் அக்கிரமங்களுக்காக உங்களைத் தண்டிப்பேன் என்று. அந்த வசனத்தை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை.

இனி பவுல் எழுதிய ரோமர் நிருபத்தின் 9ஆம் அதிகாரம். நிறைய சண்டைகள் இங்கேதான் தொடங்குகின்றன. "யாக்கோபைச் சிநேகித்து, ஏசாவை வெறுத்தேன்" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு, பிறக்கும் முன்பே ஒரு குழந்தையை நரகத்துக்கு எழுதிவைத்தார் என்று முடிவுகட்டுகிறோம். அந்த வரி மல்கியாவிலிருந்து எடுத்தது. அண்ணன் தம்பி இருவரும் வாழ்ந்து பல நூற்றாண்டுகள் கழித்து, இஸ்ரவேல், ஏதோம் என்ற இரண்டு ஜனங்களைப் பார்த்துச் சொன்னது. ரெபெக்காளிடமும் "இரண்டு ஜாதிகள்" என்றுதான் சொல்லப்பட்டது. அப்புறம், ஏசாவின் கதையை முழுவதும் வாசித்தவர்கள் எத்தனை பேர்? ஆதியாகமம் 33இல், ஏமாற்றி ஓடிப்போன தம்பி திரும்பி வரும்போது ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து அழுகிறவர் ஏசாதான். சேயீர் மலைநாட்டை ஏசாவுக்குக் கொடுத்திருக்கிறேன், அதில் ஒரு அடி நிலமும் உங்களுக்குத் தரமாட்டேன் என்று உபாகமம் 2இல் தேவன் இஸ்ரவேலைத் தடுக்கிறார். 23ஆம் அதிகாரத்தில், ஏதோமியனை அருவருக்காதே, அவன் உன் சகோதரன் என்கிறார். முதற்பேறானவனுக்குரிய உரிமையை ஒருவேளைச் சாப்பாட்டுக்கு விற்றதற்காக எபிரெயர் நிருபம் ஏசாவைக் கண்டிக்கிறது. அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் சுமக்க வேண்டிய வாக்குத்தத்தம் யாக்கோபின் வழியாகப் போனது என்பது வேறு, ஏசாவை ஒரேயடியாக எரிநரகத்துக்குத் தள்ளினார் என்பது வேறு.

சிலரை இரட்சிப்புக்கும் சிலரை அழிவுக்கும் தேவன் முன்குறித்தார் என்று போதித்த சீர்திருத்தத் தலைவர் கால்வினின் வழியில் வாசிக்கிறவர்கள் இதோடு திருப்தியடைய மாட்டார்கள். கோபாக்கினைப் பாத்திரங்கள், கிருபாபாத்திரங்கள் என்று பேசும் அதே அதிகாரத்தின் 22, 23 வசனங்களைக் காட்டி, பவுல் ஜனங்களைப் பற்றி மட்டுமல்ல, தனி மனிதரின் முடிவைப் பற்றியும் பேசுகிறார் என்பார்கள். அந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. நான் கேட்பது ஒன்றுதான்: அந்தப் பகுதியைப் பவுல் எழுதிய மனநிலையோடு வாசியுங்கள். தன் இனத்தாருக்காக மிகுந்த துக்கமும் இடைவிடாத மனவேதனையும் உண்டு என்று சொல்லித்தான் அவர் அந்த அதிகாரத்தையே தொடங்குகிறார். அவர்களுக்காகத் தானே சாபமாகவும் தயார் என்கிறார். அந்தத் துக்கம் இல்லாமல் ரோமர் 9ஐ யூடியூப் விவாதத்துக்கு எடுப்பவர் பவுலின் பக்கம் நிற்கவில்லை.

எல்லாவற்றிலும் கொடிய தவறு துக்க வீட்டில் நடக்கிறது. ஒரு வாலிபன் திடீரென்று போய்விடுகிறான். பந்தலைப் பிரிக்கும் முன்பே, "அவன் தெரிந்துகொள்ளப்பட்டவனாக இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா" என்று யாரோ ஒருவர் மெதுவாக ஆரம்பித்துவிடுகிறார். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். இரட்சிக்கப்படுகிறவர்கள் சிலபேர்தானோ என்று இயேசுவிடம் ஒருவர் கேட்டதை லூக்கா 13 சொல்கிறது. அவர் எண்ணிக்கை சொல்லவில்லை. இடுக்கமான வாசல் வழியாக நுழையப் பிரயாசப்படுங்கள் என்று கேட்டவர் பக்கமே கேள்வியைத் திருப்பிவிட்டார். உயிர்த்தெழுந்த பிறகு, யோவானைக் காட்டி "இவன் காரியம் என்ன" என்று கேட்ட பேதுருவுக்குக் கிடைத்த பதிலும் "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா" என்பதுதான். மறைவானவை கர்த்தருக்கே உரியவை என்று உபாகமம் 29:29 சொன்ன பிறகு அந்தக் கணக்குப் புத்தகத்தைத் திறக்க நாம் யார்?

பாட்டியைப் பற்றிய கேள்வியும் இதே இடத்தில்தான் வரும். சுவிசேஷமே கேளாமல் போனவர், வாசல் தெளித்துக் கோலம் போட்டு, தெரிந்த மட்டும் நேர்மையாக வாழ்ந்தவர். தங்கள் குற்றமில்லாமலே நற்செய்தியை அறியாதிருந்து, நேர்மையான மனதோடு கடவுளைத் தேடுகிறவர்கள் மீட்படைய முடியும் என்று 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது. புராட்டஸ்டண்ட் சபைகளில் ஒருமித்த கருத்து இல்லை. சிலர் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள். ஆனாலும் "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று ஆபிரகாம் கேட்ட இடத்தில் வந்து நிற்க எல்லாருக்கும் முடியும். "உங்கள் பாட்டி தெரிந்துகொள்ளப்படவில்லை" என்று பேரனிடம் சொல்ல எவருக்கும் வேதம் அதிகாரம் தரவில்லை.

"தேவன் ஏற்கெனவே தெரிந்துகொண்டுவிட்டார், பிறகு எதற்குப் பிரசங்கம்?" என்று கேட்பவர்களும் உண்டு. தெரிந்துகொள்ளுதலை உறுதியாக நம்பிய பாப்டிஸ்ட் பிரிவைச் சேர்ந்தவர்தான் வில்லியம் கேரி. அவர் 1793இல் கப்பலேறி வங்காளத்துக்கு வந்தார். கொரிந்துவில் பவுல் பயந்திருந்தபோது, இந்தப் பட்டணத்தில் எனக்கு அநேக ஜனங்கள் உண்டு, பேசு என்றார் கர்த்தர். அதைக் கேட்டுப் பவுல் ஒன்றரை வருஷம் அங்கே தங்கிப் போதித்தார்.

சரி, எந்தச் சபை சொல்வது சரி? எங்கள் சபை சொல்வது மட்டுமே வேதம், மற்றதெல்லாம் கள்ள உபதேசம் என்று முடிவுகட்டுவதும் தவறுதான். இந்த விவாதம் ஐந்தாம் நூற்றாண்டில், கிருபை இல்லாமல் மனிதனால் முடியாது என்ற அகஸ்டினும், மனிதன் தன் முயற்சியால் முடியும் என்ற பெலாஜியஸும் மோதிய காலத்திலிருந்தே நடக்கிறது. 529இல் கூடிய ஆரஞ்சு சங்கம் கிருபைதான் முந்துகிறது என்றது. அதே மூச்சில், தேவன் யாரையும் தீமைக்கென்று முன்குறித்தார் என்பதைக் கண்டித்தது. இப்போது இளைஞர்கள் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்கிற 'கால்வினிசத்தின் ஐந்து குறிப்புகளை'க் கால்வின் எழுதவில்லை. அவர் 1564இல் இறந்துவிட்டார். கால்வினின் வழியை மறுத்த டச்சு இறையியலாளர் ஆர்மீனியஸின் சீடர்கள் 1610இல் வைத்த ஐந்து எதிர்ப்புகளுக்கு, 1618-19இல் நெதர்லாந்தில் கூடிய டோர்ட் சங்கம் கொடுத்த பதில்தான் அவற்றின் மூலம்.

நம் ஊருக்கே இதில் பங்கு உண்டு. அமெரிக்காவின் மிசூரி சினோடு லுத்தரன் சபை தன் இந்திய மிஷன் வேலையை 1895இல் கிருஷ்ணகிரியில்தான் தொடங்கியது. இன்றைய இந்திய எவாஞ்சலிக்கல் லுத்தரன் சபையின் (ஐ.இ.எல்.சி.) ஆரம்பம் அது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் அந்தச் சபை அமெரிக்காவில் இதே உபதேசத்துக்காகப் பெரிய சண்டையைச் சந்தித்திருந்தது. 1881இல் ஒகாயோ சினோடு என்ற இன்னொரு லுத்தரன் சபை உறவை முறித்துக்கொண்டு போனது. இவர் விசுவாசிப்பார் என்று முன்கூட்டியே பார்த்துத்தான் தேவன் தெரிந்துகொண்டார் என்பதை மிசூரிக்காரர்கள் ஏற்கவில்லை. அழிவுக்கென்று சிலரை முன்குறித்தார் என்பதையும் ஏற்கவில்லை. இரண்டையும் மறுத்தால் வரும் முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே வைத்தார்கள். எனக்கு அந்தத் துணிவு பிடித்திருக்கிறது.

தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) 1947 செப்டம்பர் 27 அன்று உருவானபோது, கால்வினின் வழிவந்த பிரெஸ்பிட்டேரியர்களும் வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்டுகளும் ஒரே சபையானார்கள். வெஸ்லி முன்குறித்தலை எதிர்த்து 1739இல் கடுமையாகப் பிரசங்கித்தவர். அவர் நண்பர் வொயிட்ஃபீல்டு மறுபக்கம் நின்றார். 1770இல் வொயிட்ஃபீல்டு இறந்தபோது லண்டனில் அவருக்காக நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லியேதான். வாட்ஸ்அப் குழுவில் ஒருவரையொருவர் பிளாக் செய்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

யூதர்களைத் தேவன் கைவிட்டுவிட்டார், அந்த இடத்துக்கு நாம் வந்துவிட்டோம் என்று மேடையில் சாதாரணமாகச் சொல்வதையும் நிறுத்த வேண்டும். ரோமர் 11இன் முதல் வசனமே அதை மறுக்கிறது. வெட்டப்பட்ட கிளைகளுக்கு விரோதமாகப் பெருமைபாராட்டாதே என்றும் எச்சரிக்கிறது.

கடைசியாக, "நான் தெரிந்துகொள்ளப்பட்டவன்தானா?" என்று தூக்கம் கெட்டுக் கிடக்கிறவர்கள். ஓசூரில் ஷிஃப்ட் முடிந்து அறையில் தனியாக இருக்கிற பையன்களிடமிருந்து இந்தக் கேள்வி வருகிறது. பழைய பாவம் ஒன்றை நினைத்துக்கொண்டு, பரலோகப் பதிவேட்டில் தன் பெயர் இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இங்கே கால்வினும் லுத்தரன்களும் ஒன்றாகவே பேசுகிறார்கள். நம் தெரிந்துகொள்ளுதலைப் பார்க்க வேண்டிய கண்ணாடி கிறிஸ்துதான் என்கிறார் கால்வின். தேவனுடைய மறைவான ஆலோசனையைத் துருவாதே, சுவிசேஷத்தில் தேடு என்கிறது 1577இன் லுத்தரன் அறிக்கை. என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை என்று சொன்னவரிடம் நேராகப் போகச் சொல்லுங்கள். கூடவே அந்தப் பையனை ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூப்பிடுங்கள். தனிமையில் இந்தக் கேள்வி பெரிதாகிக்கொண்டே போகும்.

வீட்டுக் கூட்டத்தில் இதைப் பாடமாக எடுக்க நினைக்கிறவர்கள் ரோமர் 9ஐ மட்டும் எடுக்காதீர்கள். 9, 10, 11 மூன்றும் சேர்ந்து 90 வசனங்கள். நிறுத்தி நிதானமாக வாசித்தாலும் இருபது நிமிஷம் ஆகும். விளக்கம் சொல்லும் முன் ஒரே மூச்சில் வாசித்துவிடுங்கள். கூட்டத்தில் யார் வீட்டில் சமீபத்தில் சாவு நடந்தது, யாருடைய பெற்றோர் இன்னும் விசுவாசத்துக்கு வரவில்லை என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் பாடத்தைத் தயாரியுங்கள்.